இன்னும் ரெண்டு சொட்டு

மார்ச் 11, செவ்வாய்

இந்த டைரி என் தோழி பிரிசில்லா புது வருஷத்துக்குக் கொடுத்தது. இரண்டு மாதமாக அரிசி டின் மேல் கிடந்தது. ஜனவரி பூராவும் செல்வா கிறுக்கிவிட்டான். பிப்ரவரியில் அத்தை ஏதோ கஷாயத்துக்குப் பக்குவம் எழுதி வைத்திருக்கிறார். மார்ச்சிலிருந்து என்னுடையது. ஒருத்தரும் தொடக் கூடாது.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாத சிரிப்பு. காலையில் மஞ்சக்குப்பம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளில் ஒரு கைக்குழந்தை. வீல் என்று ஒரு அழுகை. அவ்வளவுதான், எனக்கு இரண்டு பக்கமும் சுருக்கென்று இழுத்து, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது!

என் பிள்ளைக்குப் பால் மறக்கடித்து மூன்று மாதம் ஆகிறது. பிள்ளையின் முழுப்பெயர் செந்தமிழ்செல்வன். ஒன்றரை வயது ஆளுக்கு அது ரொம்பப் பெரிது, அதனால் செல்வா. டிசம்பரில் வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டேன். ஐயா ஒரு நக்கு நக்கிப் பார்த்தார், என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார், மூன்றே நாளில் மறந்துவிட்டார். எனக்குத்தான் மறக்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ மார்க்கெட்டில் அழுகிறது, இதுக்கு என்ன வந்தது?

கீரைக்கட்டு இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வீடு வரை நடந்தேன். எதிரில் வந்த பள்ளிக்கூடத்து டீச்சர், "என்னா சத்யப்பிரியா, கீரை மேல அவ்ளோ பாசம்?" என்றார். சிறுகீரை டீச்சர், ரொம்பச் சின்னது, பாவம் என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

மார்ச் 12, புதன்

இந்த வீட்டுச் சட்டத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது படித்தால் நம்ப வேண்டுமே.

நான் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். செல்வா வயிற்றில் வரும் வரைக்கும் பிரிசில்லாவும் நானும் சேர்ந்து கடலூர், சிதம்பரம், நெய்வேலி என்று மண்டபம் மண்டபமாகச் சுற்றினோம். இரண்டு வருஷமாக என் மேக்கப் பெட்டி பீரோ மேல் தூங்குகிறது. நான் மறுபடி வேலைக்குப் போவதில் என் வீட்டுக்காரர் இளவரசுக்கு ஆட்சேபணை கிடையாது. டூவீலர் மெக்கானிக், பேச்சு கம்மி. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அம்மா, அத்தை புஷ்பவள்ளியும் கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை.

"பால் நிக்கட்டும், அப்பறம் போ. மார்ல பால வெச்சிக்கினு புள்ளைய வுட்டுட்டுப் போனா, புள்ள ஏங்கிப் பூடும்."

ஆகவே தினமும் விளக்கு ஏற்றி முடித்ததும் அத்தை கேட்பார்: "பாத்தியா?" நான் பாத்ரூமுக்குப் போய்ப் பிழிந்து பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். "ரெண்டு சொட்டு, அத்தை." சமையலறைக் காலண்டரில் அன்றைய தேதிக்கட்டத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைப்பார். சில நாள் மூன்று. ஜனவரியிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. நேற்று மாமா காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது என்னா கோலமா?" என்று கேட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மல்லி வைத்தியம்! அத்தை கால் கிலோ உதிரி மல்லி வாங்கி வந்து, இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வைத்து, மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டார். "ரெண்டு நாள்ல வத்திப் பூடும். எங்க ஊர்ல எல்லாரும் கட்டறதுதான்." மூச்சு விட்டால் மல்லி, பேசினால் மல்லி. செல்வா தூக்கச் சொல்லி வந்தவன், என் மேல் முகத்தை வைத்து ஏழு தும்மல் தும்மிவிட்டு அத்தையிடம் ஓடிவிட்டான்.

மாலையில் ஷேர் ஆட்டோவில் திருப்பாதிரிப்புலியூர் போனேன். எட்டுப் பேர். என் தலையில் ஒரு இணுக்குப் பூ இல்லை. ஆட்டோ முழுக்க மணக்கிறது. ஒவ்வொருத்தியாக மூக்கைத் தூக்கினார்கள். எதிரில் இருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை: "ஏம்மா, வாசன தூக்குது, பூவ எங்கதாம்மா வெச்சிருக்க?"

பையில் என்றேன். மடியில் பையே இல்லை.

மார்ச் 15, சனி

பூ வாடிவிட்டது. நான் வாடவில்லை. ரெண்டு சொட்டு.

மார்ச் 29, சனி

இந்த வீட்டில் மூளை என்று ஒன்று எங்களில் யாருக்காவது இருக்கிறதா?

மதியம் பிரிசில்லா போன் செய்தாள். என்ன சாப்பாடு என்றாள். சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சுறாப்புட்டுதான், பழைய டவுன் துறைமுகத்திலிருந்து மாமா பால்சுறா வாங்கி வருவார், அத்தை பூண்டு தட்டிப் போட்டுச் செய்வார், நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். பிரிசில்லா குறுக்கே விழுந்தாள்:

"ஏய் லூசு. அது பால் சுரக்கறதுக்குக் குடுக்கறதுடி! குழந்த பொறந்தப்ப உனக்கு என்னா குடுத்தாங்க?"

இதைத்தான். இதே சட்டியில். பிள்ளை பெற்று வந்த வாரத்திலிருந்து வாரம் தவறாமல்! ஒரு பக்கம் பூவைக் கட்டி வற்ற வைக்கிறோம், மறுபக்கம் சுறாவைப் போட்டு ஊற வைக்கிறோம்.

அத்தையிடம் சொன்னேன். கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு சமாளித்தார்: "பத்தியமா சாப்ட்டாதான சுரக்கும்? இது சும்மா சோத்துக்குத் தின்றதுதான?" சொல்லும்போதே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மாமாவுக்குத்தான் துக்கம். இனிமேல் சனிக்கிழமை என்ன செய்வது என்று கேட்டார். பீர்க்கங்காய் என்றார் அத்தை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்துவிட்டது! புக்கிங்! எனக்கு! என் பேருக்கு!

பெண் பேர் வெண்மதி. சிதம்பரத்தில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். என் பழைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு மாவு பூசின மாதிரி இருக்கக் கூடாதுக்கா. நீங்க போட்டா மொகம் மொகமா இருக்குது" என்றாள். ஜூன் 8, சிதம்பரத்தில் கல்யாணம். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். பிரிசில்லாவுக்கு அதே நாள் பாண்டிச்சேரியில் வேலை. நான் போகாவிட்டால் எனக்குப் பதில் அனுப்ப ஆள் கிடையாது. கல்யாணத்துக்குக் கை விரித்தவளை அப்புறம் இந்த ஜில்லாவில் எவள் கூப்பிடுவாள்?

மாமா கேட்டார்: "அம்மாகிட்ட கேட்டியா?"

"இல்ல மாமா."

"செத்த."

அத்தையிடம் சொன்னேன். கோபப்படவே இல்லை. "தாராளமா போ. நின்னா போ." கையில் அறுபத்து மூன்று நாள். அறுபத்து மூன்று நாளில் ரெண்டு சொட்டு வற்றாதா?

ஏப்ரல் 24, வியாழன்

முட்டைக்கோஸ் கதையை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பிரிசில்லாவின் யோசனை: கோஸ் இலையை ஃபிரிட்ஜில் வைத்து, ஜில்லென்று உள்ளே வைத்துக்கொண்டால் பால் வற்றும். அவள் பார்லரில் இன்று வெண்மதிக்கு டிரையல் மேக்கப். வெண்மதி வருவதற்குள் இரண்டு இலையை உள்ளே வைத்துக்கொண்டேன். அப்பாடா, சித்திரை வெயிலுக்கு என்ன சுகம். பார்லருக்கே ஏசி தேவையில்லை என்றாகிவிட்டது.

வெண்மதி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. நான் குனிந்து புருவத்துக்கு அளவு பார்க்கிறேன். இடது பக்க இலை நழுவுவது தெரிகிறது. கையை மடக்கிப் பிடிக்கப் பார்த்தேன். அது சுடிதார் டாப்புக்குள்ளாகவே பயணம் செய்து, இடுப்பு வழியாக இறங்கி, பொத்தென்று மணப்பெண் மடியில் விழுந்தது. முழு இலை. பச்சைப் பசேல் என்று.

வெண்மதி இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் அம்மா மெதுவாகக் கேட்டார்: "இது... முகத்துக்குப் போடறதா?"

"ஆமாம்மா, கூலிங்!" என்று பிரிசில்லா கத்தினாள். ஓடிப்போய் ஃபிரிட்ஜிலிருந்து புது இலைகளை எடுத்து வந்து, மடியில் கிடந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, வெண்மதியின் இரண்டு கன்னத்திலும் ஒட்டினாள். அம்மா தனக்கும் வேண்டும் என்றார். அரை மணி நேரம் அம்மாவும் பெண்ணும் கோஸ் இலையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் பிரிசில்லாவும் பின்னறையில் தலையணையைக் கடித்துக்கொண்டு தரையில் உருண்டோம். போகும்போது அம்மா, "மொகம் நல்லாக் குளுகுளுன்னு இருக்கும்மா" என்றார்.

டிரையல் பிரமாதம். என் கை மறக்கவில்லை.

சாயந்திரம் அத்தை: "பாத்தியா?" மூன்று சொட்டு.

மே 2, வெள்ளி

இன்று சிரிக்க எதுவும் இல்லை.

மதியம் போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. பிள்ளை குடிக்காமல் மாதக்கணக்கில் பால் வந்தால் மூளைக்கு அடியில் கட்டி இருக்கலாமாம். தலைவலி வருமாம். படித்து முடித்ததும் தலைவலி வந்துவிட்டது. கண் மங்குமாம். காலண்டரைப் பார்த்தேன், புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தன. பென்சில் புள்ளி மங்கலாத்தானடி இருக்கும், லூசு!

ஆனா நெஜமா இருந்தா? செல்வாவுக்கு ஒன்றரை வயசுதான் ஆவுது. நான் இல்லன்னா அவன் யார அம்மான்னு கூப்புடுவான்? இந்த ரெண்டு சொட்டுக்காகப் பூவக் கட்டிச் சிரிச்சிக்கினு கெடந்தனே, அன்னைக்கே போயிருக்கணும் டாக்டர்கிட்ட.

மாமாவிடம் சொன்னேன். போனை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றார். அத்தையும் வருகிறாராம்.

மே 6, செவ்வாய்

டாக்டர் சந்திரலேகாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறார். தலைவலி உண்டா, பார்வையில் ஏதாவது, மாதவிலக்கு ஒழுங்கா வருதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா என்று வரிசையாகக் கேட்டார். பரிசோதித்துப் பார்த்தார். ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"பால் இருக்கான்னு நீயா பிழிஞ்சு பாக்குறியாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ஒரு நாள் வுட்டதில்ல டாக்டர்! அஞ்சு மாசமா தெனம் பாக்கறோம். எல்லாம் குறிச்சி வெச்சிருக்கறன்." சொல்லிவிட்டுக் கட்டைப்பைக்குள் கையை விட்டு, சுருட்டிக் கொண்டுவந்திருந்த சமையலறைக் காலண்டரையே எடுத்து மேஜை மேல் விரித்தார். முருகன் படத்துக்குக் கீழே, சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில், மாதம் மாதமாகப் புள்ளிகள்.

டாக்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கத் தெரியாத டாக்டரை இன்றுதான் பார்க்கிறேன்.

பிறகு சொன்னார். பால் கொடுப்பதை நிறுத்திய பிறகும் சில மாதம் சொட்டுச் சொட்டாக வருவது சகஜம். தொடாமல் விட்டால் தானாக நின்றுபோகும். தினமும் அழுத்திப் பார்த்தால், பிள்ளை இன்னும் குடிக்கிறது என்று உடம்பு நினைத்துக்கொண்டு நாளைக்கும் சேர்த்துச் சுரக்கும். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் மருந்தே வேண்டாம். "ஒரே வைத்தியம்தான். பாக்காதீங்க."

அத்தை முகம் போன போக்கை நான் எழுதிக் காட்ட முடியாது.

"அப்ப... அஞ்சு மாசமா நாந்தான் கறந்துக்கினு இருந்தனா?"

டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. சுறாப்புட்டைப் பற்றியும் அத்தை கேட்டார். அது ஒன்றும் செய்யாது, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். வெளியே நின்ற மாமாவிடம் அத்தை முதலில் சொன்ன செய்தி அதுதான்.

மே 8, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. புரோலாக்டின் என்கிற பால் ஹார்மோன், தைராய்டு எல்லாம் சரியான அளவில். கட்டியும் இல்லை ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை! பஸ் ஸ்டாண்டு எதிரில் கரும்பு ஜூஸ் இரண்டு குடித்தேன். மூன்றாவதையும் வாங்கி, முன்பின் தெரியாத ஒரு காலேஜ் பெண்ணுக்குக் கொடுத்தேன். ஏன்க்கா என்றாள். சும்மாதான், குடி என்றேன். வீட்டுக்கு வந்து செல்வாவைத் தூக்கிச் சுற்றினேன் சுற்றினேன், அவன் "இன்னு, இன்னு" என்று கத்தக் கத்தச் சுற்றினேன்.

மே 13, செவ்வாய்

பார்க்கவில்லை. ஆறு நாள். கை பரபரக்கிறது.

அத்தை பாடு அதைவிட மோசம். விளக்கு ஏற்றியதும் வாய் "பா" வரைக்கும் வந்துவிடுகிறது. "பா... பாத்திரம் கழுவிட்டியா?" என்று திருப்பிக்கொள்கிறார். ஒரே சாயந்திரத்தில் மூன்று தடவை பாத்திரம் கழுவினேனா என்று கேட்டுவிட்டார்.

மே 23, வெள்ளி

இன்று சண்டை.

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கிறது. பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நின்றார். "பாக்கக் கூடாதுன்றாங்க. பாக்காம நின்னுச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்? தெரியாம உன்ன எப்படி அனுப்பறது?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "அனுப்ப இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க அத்தை. பால் மேல ஏன் பழியப் போடறீங்க? அவன் ஏங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்ககிட்டதான் தூங்கறான், உங்ககிட்டதான் திங்கறான். நான்தான் இங்க ஏங்கிக்கினு கெடக்கறேன்!"

கத்திவிட்டேன். செல்வா அழுதான். அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சாயந்திரம் சாப்பிடவில்லை. எனக்கு வேலைக்குப் போகணும். அவ்ளோதான் நான் கேக்கறது. இதுக்குக் கூட என் உடம்புகிட்ட நான் பர்மிஷன் வாங்கணுமா?

மே 24, சனி

சுறாப்புட்டு செய்து, என் தட்டில் முதலில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "தின்னு" என்றார்.

ஜூன் 5, வியாழன்

அத்தை கண்டுபிடித்த வழி: "நானும் வரேன், புள்ளையும் வரான். நீ வேலையப் பாரு. புள்ள உன் கண்ணு முன்னாடியே இருந்தா எப்படி ஏங்கும்?"

கல்யாண வீட்டுக்கு மேக்கப்காரி, மேக்கப்காரியின் மாமியார், மேக்கப்காரியின் மகன், மூன்று பேர் போகப் போகிறோம். இதுக்கு பாண்டு வாத்தியமும் வைத்துக்கொண்டால் சீர்வரிசையே ஆகிவிடும். வெண்மதிக்குப் போன் செய்தேன். "வாங்கக்கா, எங்க ரூம் பெருசு" என்றாள். தங்கம்!

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுதத் தெம்பு இல்லை. இன்று முழுசாக எழுதுகிறேன்.

விடியற்காலை முதல் பஸ். செல்வா ஆலப்பாக்கம் தாண்டும் வரை தூங்கினான், அதன் பிறகு சிதம்பரம் வரைக்கும் கண்டக்டரின் விசிலைக் கேட்டு அழுதான். மண்டபத்தில் மணப்பெண் அறையில் அத்தை ஒரு மூலையில் பாயை விரித்துச் செல்வாவோடு உட்கார்ந்துகொண்டார். நான் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தேன். ஒரு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை, அதனால் உள்ளே பேட் வைக்கவில்லை. புத்தி!

முகூர்த்தம் ஒன்பதுக்கு. ஏழரைக்குள் பேஸ், கொண்டை, நகை எல்லாம் முடிந்துவிட்டது. வலது கண்ணுக்கு ஐலைனர் இழுத்து முடித்தேன். அப்போது கட்டிலில் படுத்திருந்த குழந்தை எழுந்தது. வெண்மதியின் பெரியம்மா பேத்தி, மூன்று மாதம் இருக்கும். குழந்தையின் அம்மா குளிக்கப் போயிருக்கிறாள். வீல் வீல் என்று கத்துகிறது.

சுருக்.

வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடித்தேன். கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன், மஞ்சள் துணியில் இரண்டு வட்டம், பெரிதாகிக்கொண்டே போகிறது. அறையில் பத்துப் பெண்கள். கதவு திறந்து வீடியோ எடுக்கிற ஆள் லைட்டோடு உள்ளே வருகிறார். "அக்கா, மேக்கப் போடற மாதிரி ஒரு ஷாட்!" என் கையில் பிரஷ். கையைத் தூக்கினால் எல்லாம் தெரியும். வெண்மதிக்கு ஒரு கண் முடிந்திருக்கிறது, ஒரு கண் வெறுமனே இருக்கிறது. நான் மரம் மாதிரி நிற்கிறேன்.

மூலையிலிருந்து அத்தை எழுந்தார். முடிந்தது, கிளம்பு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் மாரையே பார்த்துக்கொண்டு நேராக வந்தார். வழியில் வீடியோக்காரரின் நெஞ்சில் கை வைத்து, "பொம்பளைங்க துணி மாத்தற எடத்துல என்னாப்பா லைட்டு? போ அந்தாண்ட" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். சீர்த்தட்டில் இருந்த மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து உதறினார். என் கழுத்தைச் சுற்றி முன்பக்கம் மறைகிற மாதிரி போட்டு, பின்னால் ஒரு பின் குத்தினார்.

"இன்னொரு கண்ணு பாக்கி கெடக்குது பாரு. போடு."

போட்டேன். கோடு அப்படி ஒரு கோடு!

அப்புறம் நடந்த கூத்துதான் தாங்க முடியவில்லை. எட்டரைக்கு மாப்பிள்ளை வீட்டார் அங்கவஸ்திரத்தைத் தேடித் தட்டு தட்டாகக் கலைக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் அவர்கள் நடுவிலேயே, பொன்னாடை போர்த்திய தலைவர் மாதிரி, ஹேர்பின் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பெரியவர் என்னைக் கும்பிட்டு, நீங்க எந்த ஊர் என்று கேட்டார். கடைசியில் மாப்பிள்ளை தன் சித்தப்பாவின் துண்டைப் போட்டுக்கொண்டு தாலி கட்டினார். எல்லாம் முடிந்ததும் அத்தையே போய் வெண்மதியின் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "பாலும் பழமும் குடுக்கப் போற ஊட்ல, பால் பட்டா என்னா?" என்றாராம். அந்த அம்மா சிரித்துவிட்டு, அங்கவஸ்திரத்தை எங்களிடமே கொடுத்துவிட்டார். அது இப்போது கொடியில் காய்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. செல்வா அத்தை மடியில் தூங்கினான். புதுச்சத்திரம் தாண்டியிருக்கும். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இளவரசுக்கு அஞ்சு மாசம். வடலூர் பக்கம் முந்திரிக் காட்டுல கொட்ட பொறுக்கப் போனேன். நாந்தான் எல்லாரவிட ஜாஸ்தி பொறுக்குவேன். ஒரு நாளு பால் கட்டி, ரவிக்க பூரா நனஞ்சி போச்சி. மேஸ்திரி பாத்துட்டு, என்னா புஷ்பா, காட்டுக்குத் தண்ணி பாய்ச்சறியான்னான். எல்லாரும் சிரிச்சாங்க. பொம்பளைங்களுந்தான் சிரிச்சாங்க. அன்னைக்கு வந்து ஊட்ல ஒக்காந்தவதான். அப்பறம் எங்கியும் போவல."

செல்வாவின் தலையை மடியில் சரியாக ஏற்றிவிட்டுச் சொன்னார்: "புள்ள ஏங்கும்னு சும்மா சொன்னேன். உன்னப் பாத்து எவனாச்சும் சிரிச்சிடுவானோன்னுதான் எனக்கு."

பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். அந்த மேஸ்திரி கிடைத்திருந்தால் ஐப்ரோ கத்தியாலேயே குத்தியிருப்பேன். அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில், செல்வாவின் கால் மேல் வைத்துக்கொண்டார். கடலூர் வரும் வரை எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வெண்மதியின் தோழிகள் இரண்டு பேர் போன் செய்தார்கள். ஆவணியில் கல்யாணமாம். போனை எடுத்தது அத்தை. "வருவா, வருவா. தேதியச் சொல்லுங்க" என்றார். என்னைக் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இந்த மாதத்தில் நான்காவது நாளே இரண்டாவது கல்யாணம். மூன்று மாதமாக டைரியைத் தொடவே நேரமில்லை. காலையில் சிதம்பரம் மண்டபத்தில் பிரிசில்லா கொண்டை போடுகிறாள், நான் பெண்ணுக்கு இமைமுடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பசை காய்வதற்குக் காத்திருந்த நேரத்தில் அவள் கேட்டாள்:

"கேக்கணும்னே இருந்தேன்டி. அது நின்னுடுச்சா?"

"எது?" என்றேன்.

சத்தியமாகப் புரியவில்லை. அவள் என் நெஞ்சைப் பார்த்துக் கண்ணைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. நின்றுவிட்டது. எப்போது? ஜூலையிலா, ஆகஸ்டிலா? ஒரு நாள் கூட நினைக்கவே இல்லையே. ஆறேழு மாதம் வீட்டையே ஆட்டி வைத்தது, போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது. சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. இனிமேல் செல்வா கேட்டாலும் கொடுக்க முடியாது. அவன் கேட்கப் போவதும் இல்லை. பிரிசில்லா டிஷ்யூ கொடுத்தாள்.

வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். பின்னால் செல்வா எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அத்தை, நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா" என்றார், மெதுவாக. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு குரலை உயர்த்தினார்.

"சரி, மணி என்னா ஆவுது பாரு. அங்க பொண்ணு காத்துக்கினு கெடக்கும், போ."